முதல் பிடிக் கீரை

இது நடந்தது 1987-இல், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஓட்டு வீடு ஒன்றில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். கொல்லையில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும்.

நான் ஆய்வக நுட்பம் படித்தவள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அதற்கு முன் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சி எடுத்தேன். அங்கே பரிசோதனைக்காகக் கினிப்பன்றிகள் வளர்த்தார்கள். பெயரில்தான் பன்றி. முயலைவிடச் சிறியது, வால் கிடையாது, கடிக்காது. அந்த விலங்குக் கூடத்தை மூடியபோது மிச்சமிருந்த நான்கை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரம்புக் கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

எங்கள் தெருவில் அவற்றுக்குச் சீமை எலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வைத்த பெயர்கள் கறுப்பி, செவலை, புள்ளி, கிழவன். கிழவனுக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது. முன்பற்கள் கோணலாக வளர்ந்துவிட்டன. தண்டுள்ள எதையும் அவனால் கடிக்க முடியாது. கொய்யாப் பழத்தைப் பொடியாக நறுக்கி, இளம் அருகம்புல்லோடு தனித் தட்டில் வைத்தால்தான் சாப்பிடுவான்.

இந்தப் பிராணியிடம் ஒரு விசேஷம் உண்டு. ஆடு, மாடு, நாய், எலி எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. தினமும் பச்சையாக ஏதாவது தின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஈறு வீங்கும், மூட்டு வலிக்கும், ரோமம் கொட்டும், பிறகு சாகும். சந்தைக் கீரையை நான் நம்பவில்லை. எந்தத் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்களோ, யாருக்குத் தெரியும். அதனால் கொல்லையைக் கொத்திப் பாத்தி போட்டேன். கிணற்றோரப் பாத்தியில் கொத்தமல்லி, புதினா. வெயில் படும் பக்கம் முள்ளங்கி, தழைக்காகத்தான், கிழங்கு எங்களுக்கு. வேலியோரம் தண்டுக்கீரை, வெள்ளரி. மூலையில் ஏற்கெனவே ஒரு கொய்யா மரம் இருந்தது. அதற்கு வீட்டுக்காரருக்கு நன்றி. மலையிலிருந்து பெண்கள் கூடையில் கொண்டுவரும் நெல்லிக்காயையும் பருவத்தில் வாங்கிக் கீறிப்போடுவேன். எந்தக் கிழமை எந்தப் பாத்தியில் அறுப்பது, எது ஜாஸ்தி போடக்கூடாது, எது நறுக்கிப் போட வேண்டும் என்று எல்லாம் என் மனத்தில் வரிசையாக இருக்கும். நான் அப்படித்தான். மளிகைச் சாமானைக்கூட அலமாரித் தட்டு வாரியாகத்தான் நினைவில் வைத்திருப்பேன்.

தெருவில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், அவர்தான் எங்கள் வீட்டுக்காரரும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஊரில் கல்யாண வீட்டுப் பிரியாணிக்கே புதினா கிடைக்கவில்லை, இங்கே எலி புதினா தின்கிறது என்பார். ஆனாலும் கடையில் கொத்தமல்லி விதை வந்தால் ஒரு பொட்டலம் எனக்கென்று எடுத்துவைப்பார்.

எதிர் வீட்டு அக்காதான் அதிகம் கேலி செய்வார். அவரும் அவர் கணவரும் கூலிக்குப் போகிறவர்கள். கொஞ்சம் நிலம் குத்தகைக்கும் எடுத்திருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் அப்போதுதான் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். அக்கா களையெடுத்துவிட்டு வரும்போது எங்கள் படலைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்கு வந்து, பாத்தி விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்.

"இன்னா பாப்பா, எல்லாரும் எலி தின்னுடப் போவுதுன்னு வெள்ளாமைக்குக் காவல் இருக்காங்க. நீ எலிக்குன்னே வெள்ளாமை பண்ணிக்கினு இருக்க."

ஒரு நாள் அவருக்கு அந்த வைட்டமின் விஷயத்தைச் சொன்னேன். இதற்கும் நமக்கும் ஒரு விஷயத்தில் உடம்பு ஒன்று என்றேன். அவர் வெகுநேரம் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் அதற்கு ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் கொடு என்றார். போகும்போது, தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இளம் வெள்ளரிப் பிஞ்சு ஒன்றை எடுத்து அதன் முன் போட்டுவிட்டுப் போனார். தின்னும் சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றார்.

பிறகு மறியல் தொடங்கியது. ஒரு வாரம் என்றார்கள். சாலையோரம் இருந்த புளிய மரங்களையும் வேப்ப மரங்களையும் வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. சந்தை கூடவில்லை. பாய் கடைக்கதவை ஒரு பலகை மட்டும் திறந்துவைத்து, தெருக்காரர்களுக்கு மட்டும் அரிசி, பருப்பு நிறுத்துக் கொடுத்தார். இரண்டாவது நாளே பருப்பு தீர்ந்துவிட்டது. எதிர் வீட்டு அக்காவின் கணவர் மறியலுக்குப் போனார். தன் பிள்ளைகளாவது படித்து ஒரு வேலைக்குப் போகட்டும் என்று கேட்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் நாளே அவரைப் போலீஸ் லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. கூலி வேலையும் நின்றுபோயிருந்தது. அக்கா வீட்டில் கேழ்வரகு மாவு மட்டும் இருந்தது. அம்மா கொடுத்த அரிசியை அவர் ஒரு தடவை வாங்கினார். அடுத்த தடவை, உங்களுக்கும் வேண்டாமா என்று சொல்லிப் படலைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் சாலையில் தடியடி நடந்தது. ஓடியவர்கள் வீடுகளுக்கு இடையில் புகுந்து வயல் பக்கம் ஓடினார்கள். துரத்தியவர்களும் அதே வழியில் வந்தார்கள். எங்கள் வேலி விழுந்தது. அம்மாவும் நானும் கதவைத் தாழிட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். பிராணிகளின் பெட்டியை முன்பே உள்ளே கொண்டுவந்திருந்தேன். எல்லாம் ஓய்ந்தபின் கொல்லைக் கதவைத் திறந்தால், பாத்திகளே இல்லை. கொத்தமல்லி சேற்றோடு சேர்ந்து மிதிபட்டுக் கிடந்தது. கிணற்றடியில் ஒற்றைச் செருப்பு. புதினாவின் வாசனை மட்டும் கொல்லை முழுக்க அடித்தது. நாங்கள் வேலியை நிறுத்திக் கட்டுவதற்குள் ஆடுகள் புகுந்து மிச்சத்தையும் மேய்ந்துவிட்டன.

கொய்யா மரம் மட்டும் நின்றது. அதில் பழுத்திருந்ததும் கொஞ்சம்தான். அதைக் கிழவனுக்கென்று ஒதுக்கினேன். மற்ற மூன்றுக்கும் காய்ந்த புல்லும், அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்த தவிடும் போட்டேன். கிணற்று வாளிச் சத்தம் கேட்டால் கீரை வரப்போகிறது என்று அவற்றுக்குப் பழக்கம். வாளியை இறக்கும்போதெல்லாம் மூன்றும் விசில் அடிப்பதுபோல் கத்தும். தெருவின் அந்தப் பக்கம்வரை கேட்கும். வெறும் தண்ணீரோடு உள்ளே வருவதற்கே சங்கடமாக இருக்கும்.

அக்காவும் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாலை வந்து, மிதிபட்ட பாத்திகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். கேலி பேசவில்லை. பெட்டியின் பக்கத்தில் குந்தி, புள்ளியின் முதுகைத் தடவினார். எலும்பு தட்டுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் படல் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா இடுப்பில் அரிவாளும் தலையில் ஒரு சாக்குத் துணி மூட்டையுமாக நின்றார். முழங்கால்வரை பனி ஈரம். வயல் பக்கம் போய்க் கீரை பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும். பருத்திக் கொல்லையில் களையாக முளைப்பவை, விதைக்காமலே வரும். எங்கள் பக்கத்தில் கூலிக்குப் போகிற பெண்கள் மாலையில் மடி நிறையப் பறித்துக்கொண்டு போய்க் குழம்பு வைப்பார்கள். யாரும் தடுப்பதில்லை.

இன்னும் தன் வீட்டுக்குள்ளே போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தார். மூட்டையைத் தரையில் பிரித்து, தளதளவென்று இருந்த நுனிக்கொழுந்துகளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினார். அதுதான் பிராணிகளுக்கு. முற்றிய இலைகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்றேன். நல்லதைப் பிள்ளைகளுக்கு எடுத்துப்போகச் சொன்னேன்.

"எங்களுக்குக் கடைஞ்சா எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. அதுக்குப் பச்சையாத் தின்னணும் இல்ல. மொதப் பிடி வாயில்லாததுக்குப் போட்டா ஒண்ணும் கொறைஞ்சிடாது."

சொல்லிவிட்டு மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கீரையை முகர்ந்து பார்த்தேன். பச்சை வாசனைதான். என் வழக்கப்படி தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, உதறி, மூன்றுக்கும் போட்டேன். அவை தின்ற வேகத்தைப் பார்த்து அம்மா சிரித்தார். அந்த வாரத்தில் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான். கிழவனுக்குத் தனியாகக் கொய்யாவை நறுக்கி வைத்துவிட்டு, நான் துணி துவைக்கப் போனேன்.

துணி அலசத் தண்ணீர் இறைத்தேன். வாளி கிணற்றுச் சுவரில் இடித்து இறங்கியது. உள்ளேயிருந்து கிழவன் மட்டும் கத்தினான். வயிறு நிறைந்ததால் மற்றவை கத்தவில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவை நிறைந்த வயிற்றோடும் கத்துகிறவை. கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

கறுப்பி பக்கவாட்டில் கிடந்தது. வாயிலிருந்து நூலாக எச்சில் வழிந்து கழுத்து ரோமம் முழுக்க நனைந்திருந்தது. செவலையின் உடம்பில் தோலுக்கடியில் ஏதோ ஓடுவதுபோல் தசை துடித்துக்கொண்டிருந்தது. புள்ளி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்துத் துண்டில் சுற்றினேன். கிழவன் மட்டும் தன் தட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தான்.

எச்சில், கண்ணீர், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல். இந்த வரிசை எனக்குப் பாடத்தில் வந்தது. எங்கள் ஊரில் பாடம் படிக்காதவர்களுக்கும் தெரியும். வருடத்தில் எத்தனையோ பேர் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற பகுதி எங்களுடையது. பருத்திக்கு அடிக்கிற சில மருந்துகளைச் செடி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் போகாது. இதெல்லாம் மனத்தில் ஓடுவதற்கு முன்பே நான் துண்டோடு தெருவைத் தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எதிர் வீட்டில் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியிருந்தார்கள். கீரையைக் கடைந்து முடித்து, மத்து அதிலேயே நின்றது. ஒரு தட்டில் கேழ்வரகுக் களி உருட்டி வைத்திருந்தது. இரண்டு பிள்ளைகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, கீரையைத் தொடாதீங்க. மருந்து அடிச்ச கீரை."

அக்கா திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது. துண்டை விலக்கிக் காட்டினேன். புள்ளி அப்போது இறந்துவிட்டது. பின்னங்கால் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எலி சாவறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் பாப்பா. புள்ளைங்க வெறுங் கூழ் குடிச்சிக்கினு இருக்குதுங்க. இன்னிக்குத்தான் ஒரு கொழம்பைப் பாக்குதுங்க. அதையும் கொட்டச் சொல்றியா?"

மற்ற இரண்டும் அப்படித்தான் கிடக்கின்றன, கொழுந்து தின்னாத கிழவன் மட்டும் நன்றாக இருக்கிறான் என்றேன். அவர் அசையவில்லை. அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"அன்னிக்குச் சொன்னேன் இல்லக்கா. இதுக்கும் நமக்கும் ஒடம்பு ஒண்ணுன்னு. இதுக்கு ஆவாதது நமக்கும் ஆவாது."

படித்ததை வைத்துப் பார்த்தால் அது சரியான வாதம் இல்லை. வைட்டமினுக்கும் விஷத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் அந்த ஒரு பேச்சுத்தான் ஏற்கெனவே நடந்திருந்தது. அக்கா நடுங்கும் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். ஓடிவந்த கோழியைக் காலால் தள்ளினார். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து சாக்கடையில் ஊற்றி அலம்பிவிட்டார். வெறும் சட்டியோடு உள்ளே வந்தவர், பெரிய பெண்ணின் முன்னால் நின்றுவிட்டார்.

உப்பு பார்க்கச் சொன்னேன் என்றார். மிகவும் மெதுவாக.

எங்கள் வீடுகளில் அது வழக்கம்தான். குழம்பு இறக்கியதும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, பிள்ளையைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஊற்றி உப்பு பார்க்கச் சொல்வார்கள். பெரியவளின் வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் பச்சை இருந்தது. மற்றதையெல்லாம் நக்கியிருந்தாள். சின்னவள் வாயில் எதுவும் படவில்லை.

பெரியவளை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கருவிழியின் நடுவட்டம் கடுகளவு சுருங்கியிருந்தது. வயிற்றை வலிக்கிறது என்று தாயின் புடைவையைப் பிடித்துக்கொண்டாள்.

அரசு மருத்துவமனை ஊரின் மறுபக்கம். வண்டி எதுவும் ஓடவில்லை. சத்தம் கேட்டு வந்த பாய், ஒரு வார்த்தைதான் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா பின்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். சின்னவளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடினேன்.

முதல் மரம் எங்கள் தெரு முனையைத் தாண்டியதும் கிடந்தது. அடிமரம் இடுப்பு உயரம் இருக்கும். அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. வண்டி விடுவதில்லை என்று ஒருவர் கையைக் காட்டினார். பாய் சைக்கிளை நிறுத்தாமலே, பிள்ளை மருந்து அடித்த கீரையைத் தின்றுவிட்டது என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் பிள்ளையை வாங்கி, மரத்தின்மேல் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் நின்றவரிடம் கொடுத்தார். சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினார்கள். அக்காவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அதில் ஒருவர் தலையில் கட்டுப் போட்டிருந்தார், ரத்தம் காய்ந்திருந்தது. இன்னொருவர் எங்களுக்கு முன்னால் ஓடினார்.

"வழி வுடுங்கடா, மருந்து சாப்ட்ட புள்ள வருது."

அவர் கத்திக்கொண்டே போனதால் அடுத்தடுத்த மரங்களில் நாங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைகள் தயாராக நீண்டிருந்தன.

மருத்துவமனைத் தாழ்வாரம் முழுக்க அடிபட்டவர்கள் படுத்திருந்தார்கள். உள்ளே போலீஸ்காரர்களும் இருந்தார்கள். நர்ஸ் பிள்ளையின் கண்ணைப் பார்த்ததுமே டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். ஊசி போட்டார்கள், வயிற்றைக் கழுவினார்கள். அதற்கிடையில் நர்ஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்து, கணவர் எங்கே என்று கேட்டார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றார் அக்கா. நர்ஸின் குரல் மாறியது. இதைப் பிள்ளைக்கு யார் கொடுத்தது என்று கேட்டார்.

"நான்தான் குடுத்தேன்" என்றார் அக்கா.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் திரும்பினார். புருஷன் சிறையில், வீட்டில் சாப்பாடு இல்லை, பிள்ளைக்கு மருந்து. அவர்கள் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தாழ்வாரத்துக்கு அப்படி வந்த தாய்மார்கள் உண்டு. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் கவனித்தேன், என் இடது கையில் அந்தத் துண்டு இன்னும் இருந்தது. ஊர் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டே ஓடியிருக்கிறேன். மேசைமேல் வைத்துப் பிரித்தேன். புள்ளியின் வாய் ஓரத்தில் எச்சிலில் ஒட்டிய கீரை இலை இருந்தது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னேன். காலையில் கீரை வந்தது, கொழுந்தைத் தின்ற மூன்றும் கிடக்கின்றன, தின்னாதது நன்றாக இருக்கிறது, குழம்பு முழுக்கச் சாக்கடையில் போய்விட்டது, பிள்ளை உப்பு பார்த்ததோடு சரி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். டாக்டர் புள்ளியைக் குனிந்து பார்த்தார். போலீஸ்காரரிடம் கையை அசைத்துவிட்டு மறுபடி பிள்ளையிடம் போனார்.

உப்பு பார்த்த அளவுக்கு இது அதிகம் என்று அவர் முணுமுணுத்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அக்கா தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தானாகவே பேசினார்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு பாப்பா. அதுக்குப் பசி. தெரியலம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கையக் கைய நீட்டுச்சு. உப்பு பாக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினுதான் ஊத்தினேன். ஒவ்வொரு தபாவும் ஊத்தினேன்."

நான் எழுந்து போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

மறியல் முடிந்தபின், அக்கா கீரை பறித்த பருத்திக் கொல்லையின் சொந்தக்காரர் விஷயம் கேள்விப்பட்டு எங்கள் தெருவுக்கே வந்தார். நடுங்கிப்போயிருந்தார். எங்கள் பக்கத்தில் மருந்து அடித்தால், கீரை பறிப்பவர்களும் ஆடு ஓட்டுபவர்களும் இறங்காமலிருக்க, வரப்பு முனைகளில் வேப்பங்கொத்தைச் செருகிவைப்பார்கள். தலைமுறையாகப் பார்த்த அடையாளம், குழந்தைகூட அந்த வயலில் கால் வைக்காது. அவரும் மருந்து அடித்த மாலையே செருகியிருந்தார். ஆனால் அவருடைய நிலம் ஊருக்கு வெளியே, சாலையை ஒட்டியது. அன்று இரவே போலீஸ் லாரிக்கு வழி செய்வதற்காகச் சாலையில் கிடந்த கிளைகளையெல்லாம் இழுத்து வயலோரம் எறிந்திருக்கிறார்கள். வரப்பு முழுக்கப் புளியங்கிளையும் வேப்பங்கிளையும் குவிந்து கிடந்திருக்கிறது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அந்தக் குவியலுக்குள் அவருடைய கொத்தை யார் கண்டுபிடிப்பது. கொத்து வைத்தேனே, வைத்தேனே என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, நான் பார்க்கவில்லை ஐயா என்று மட்டும் சொன்னார்.

மூன்றையும் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். கிழவன் ஒரு மாதம் இருந்தான். இந்தப் பிராணிகள் தனியாக வாழ விரும்பாதவை. வாளிச் சத்தம் கேட்டுக் கத்துவான். கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். பிறகு ஒரு நாள் கத்துவதை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு வெகுநாள் இருக்கவில்லை.

அக்காவின் கணவர் கடலூர்ச் சிறையிலிருந்து திரும்பி வந்தார். உடைந்த ஒரு கை சரியாகக் கூடவில்லை. பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக இருக்கிறாள். நான் மறுபடி பாத்தி போட்டேன், இந்த முறை இரண்டு வீட்டுக்கும். அக்கா வந்து பறித்துக்கொண்டு போவார். ஆனால் பாத்தி விளிம்பில் காலை நீட்டி உட்காருவதில்லை. வெளியிலிருந்து எங்களுக்கு ஒரு இலைகூடக் கொண்டுவருவதில்லை. அவர் வீட்டுக் குழம்பில் சில நாள் உப்பே இருக்காது, சில நாள் வாயில் வைக்க முடியாது என்று பெரியவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

ஒரே ஒரு தடவை நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் அன்றைக்கு நேராக உங்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகள் சாப்பிட்டபின் மிச்சத்தை எங்களுக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா அக்கா, முதல் பிடியை நீங்கள் கொடுத்ததால்தான் எனக்கு நேரத்தில் தெரிந்தது என்றேன். அவர் கொய்யா மரத்தடியைப் பார்த்தார்.

"அதுங்களுக்கு யார் பாப்பா இதச் சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இது நடந்து ஏழு வருடங்களாகிவிட்டன. இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பிராணியும் இல்லை. ஆனாலும் கீரை ஆய்ந்து முடித்ததும் என் கை தானாக நுனிக்கொழுந்துகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறது. தன் பிள்ளைகள் பசியோடிருந்த நேரத்தில் ஒருவர் அப்படி ஒதுக்கினார் என்பதை நினைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், அந்த முதல் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன்.